உடையார்குடிச் சுவரில் ஒரு கொலை

சென்னையில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது வீராணம் தண்ணீர். 2004இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து குடித்துவரும் ஏரியை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. கடலூர் தாண்டிச் சிதம்பரத்தில் இறங்கி, பொன்னம்பலத்தில் கும்பிட்டுவிட்டுக் காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறினேன். லால்பேட்டையில் இறங்கிக் கரையேறியதும் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்க்கரையே தெரியவில்லை.

முதல் பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் ஏரிக்கும் பெயர். வெட்டுவித்தவன் அவன் மூத்த மகன் இராசாதித்தன் என்பார்கள். அவன் 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே மாண்டான். சோழர் வீட்டுப் பங்காளிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பட்டம் தம்பி கண்டராதித்தனுக்குப் போனது. அவர் தில்லைக் கூத்தன் மேல் திருவிசைப்பா பாடிய பக்தர். அவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சின்னக் குழந்தை. ஆகவே சித்தப்பா அரிஞ்சயனும், அவருக்குப் பின் அவர் மகன் சுந்தர சோழனும் ஆண்டார்கள். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இளவரசனாக இருக்கும்போதே கொல்லப்பட்டான். அடுத்து அரியணை ஏறியவன், குழந்தையாக இருந்து வளர்ந்துவிட்ட அந்த மதுராந்தகன்தான். உத்தம சோழன் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கல்கி இதை வைத்துத்தான் பொன்னியின் செல்வனை எழுதினார். கதை தொடங்குவதே இந்த ஏரிக்கரையில், ஒரு ஆடிப்பெருக்கு நாளில். ஆனால் அந்தக் கொலைக்கு நான் தேடி வந்த சாட்சி காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கருவறையின் மேற்குச் சுவரில் இருக்கிறது.

எண்ணெய்ப் பிசுக்கேறிய கருங்கல். தமிழெழுத்துக்கு நடுவே கிரந்த எழுத்துகள். வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து துலங்கியது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போனேன். துரோகிகள் என்ற சொல்லில் விரல் நின்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது. கதையென்று படித்தது ஆயிரம் வருடமாக இந்தச் சுவரில் ஊர்க் கணக்காக இருக்கிறது! ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள்: சோமன், இரவிதாசன், பரமேசுவரன். மூவரும் உடன்பிறந்தவர்கள். பஞ்சவன் பிரமாதிராசன் என்பது இரவிதாசனின் பட்டம். அரசனிடம் பெரிய அதிகாரத்தில் இருந்தவர்கள் தாங்கிய பட்டம் அது.

கல்வெட்டு கொலையைச் சொல்ல வெட்டியதல்ல. உத்தம சோழனுக்குப் பின் வந்த இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், துரோகிகளின் சொத்தையும் உறவினர் சொத்தையும் விற்கும்படி ஊர்ச் சபைக்கு ஆணை வருகிறது. அந்த நிலத்தை விலைக்கு வாங்கியவர் தர்மத்துக்கு எழுதிவைக்கிறார். அந்தத் தர்மத்துக்கான சாசனம்தான் இது. நிலம் எப்படி விலைக்கு வந்தது என்று சொல்ல வேண்டியிருந்ததால் கொலையும் கல்லேறிவிட்டது.

உத்தம சோழன் ஆண்ட பதினைந்து ஆண்டுகளில் ஏன் இந்த நடவடிக்கை இல்லை? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவன்மேல் சந்தேகப்பட்டார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நான் பண்டாரத்தார் பக்கம். நாட்டு மக்கள் கேட்டும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரியணை வேண்டாம் என்று ஆதித்த கரிகாலனின் தம்பி அருண்மொழி ஒதுங்கியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அவனே இராசராசனாகிப் பெற்ற மகனுக்கு மதுராந்தகன் என்று பெயரிட்டான். அந்தப் பிள்ளைதான் இராசேந்திரன். உத்தமனின் மகனுக்கும் கோயில்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பைக் கொடுத்தான். அண்ணனைக் கொன்றவன் பெயரையா ஒருவன் தன் பிள்ளைக்குச் சூட்டுவான்? கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை உத்தமன். சான்று இல்லாமல் கொலைப்பழியை அவன் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்தேன். வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா, "படம் வந்த பெறகு நெறைய பேரு வர்றாங்க தம்பி. கொன்னவங்க பேரு அதுல இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதும்மா."

"ஏன் கொன்னாங்கன்னு?"

"அது இல்லைம்மா."

கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் புள்ளயப் பெத்தவ பேரு என்னா?" என்றார்.

வானவன்மாதேவி என்றேன். அந்தப் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்த பூவை எடுத்து நாரில் வைத்தார்.