பந்தும் வட்டியும்

தலத்தெருவில் எங்கள் கால்பந்துக் குழு ஆளுக்குப் பத்து ரூபாய் சந்தாவில்தான் வளர்ந்தது. ஒருமுறை போட்டியின் பரிசுப் பணத்தை நம்பி, உடுப்புக்கும் வேன் வாடகைக்கும் 5,000 ரூபாய் கடன் வாங்கினோம். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். வட்டி மாதம் 250. அசலோ அப்படியே நின்றது. இறுதியில் எங்கள் கோல்காப்பாளன் தன் தாயின் தோட்டை அடகு வைத்துக் கடனை அடைத்தான். அதன்பின் அவன் திடலுக்கே வரவில்லை.

இங்கிலாந்தில் 1885இல் தோன்றி, இருமுறை எஃப்.ஏ. கோப்பை வென்ற பரி கழகமும், மைதானத்தையே அடமானம் வைத்தும் கரையேறாமல் 2019இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

சந்தா கையிலுள்ள காசு. வெற்றியோ வந்தால்தான் காசு. நண்பர்களே, இவ்வாண்டுச் சந்தாவில் முதலில் அந்தத் தோட்டை மீட்போம். புதுப் பந்து பிறகு வாங்கலாம்.