நம் மைக் செட்டுக்கு எந்த போர்டு?

ஆரணியைச் சுற்றியுள்ள மூன்று காலனிகளிலிருந்து தோழர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மாலைநேரப் படிப்பு மையத்தில் நாங்கள் வைத்திருக்கும் சின்ன மைக் செட்டில் என்ன போர்டு, எத்தனை வாட், எவ்வளவு ஆச்சு? ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. போர்டைப் பற்றிச் சொல்லுமுன் சொந்த செட் எதற்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை வைத்துத்தான் போர்டையே தேர்ந்தெடுத்தோம்.

அண்ணல் பிறந்தநாளுக்கு எங்கள் தெருவுக்கு வாடகை மைக் செட் கொண்டுவருபவர், ஒரு வருடம் ஏப்ரல் 13 மாலை போன் செய்து ‘வண்டி ரிப்பேர்’ என்றார். அன்று இரவு அதே வண்டி பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து வீட்டு வாசலில் நின்றது. அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு வருடம் முழுக்க வேலை கொடுப்பது ஊர்த்தெரு. நாம் கொடுப்பது ஒரு நாள் வேலை. யாரோ ஒருவர் டீக்கடையில் வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருடம் மைக் வந்தது, கரண்ட் போனது. லைன் கொடுத்த வீட்டுக்காரர் பேச்சு சூடுபிடித்த நேரத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். ‘பில்லு ஏறுது’ என்றார். பில்லுக்குப் பணம் முன்கூட்டியே கொடுத்திருந்தோம்.

சட்டம் தெரியாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதைக் குற்றமாக்கியது. மற்றவர்களுக்கு வழக்கமாகச் செய்யும் வேலையை, விற்கும் பொருளை நமக்கு மறுப்பதும் அதற்குள் வரும். ஆனால் 13-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு வழக்கு வேண்டாம், மைக் வேண்டும்.

சத்தம் யார் கையில் என்பது நமக்குப் பழைய விஷயம். ஊருக்கு யாரோ சொல்ல வேண்டிய சேதியை, வரி கட்டச் சொல்வதை, ஏலத்தை, நம் தாத்தாக்கள் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். தோல் நம்முடையது, கை நம்முடையது, சேதி மட்டும் நம்முடையதில்லை. அந்த வழக்கத்துக்கு 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு முடிவு கட்டச் சொன்னது. அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தண்டோராவுக்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றிருந்தது. நல்ல உத்தரவு. அந்த ஒலிபெருக்கி யாருடையது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசா தமிழன்’ தொடங்கினார். பிறர் பத்திரிகையில் இடம் கேட்டுக் காத்திருந்தால் ஒரு வரி வந்திருக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, போர்டுக்கு வருவோம்.

எங்களுக்கு வேண்டியது மூன்றுதான். பிறர் வீட்டு லைனை நம்பாமல் பேட்டரியில் ஓட வேண்டும். ஒரு தெருமுனைக் கூட்டத்துக்கு, ஐம்பது அறுபது பேருக்கு, பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். கெட்டுப்போனால் நாமே மாற்ற வேண்டும். பாஸ் அதிர வேண்டும், ஜன்னல் கண்ணாடி நடுங்க வேண்டும் என்ற ஆசை பையன்களுக்கு இருந்தது. அதை வேறொரு நாளைக்கு ஒதுக்கிவைத்தோம்.

முதலில் நினைத்தது எல்லோருக்கும் தெரிந்த 4440 ஐசி. சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோக்களுக்காகச் செய்தது. தமிழ்நாட்டில் கையால் செட் அசெம்பிள் செய்தவர் யாரும் அதைத் தொடாமல் வந்திருக்க முடியாது. 12 வோல்ட்டில் ஓடும், இரண்டு சேனலையும் சேர்த்துக் கட்டினால் 19 வாட் வரை தரும். எங்கள் தெருவில் முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்த தாத்தா அதைத்தான் சொன்னார். அவரிடம் 3055 டிரான்சிஸ்டர் போட்ட பழைய பெட்டி ஒன்றும் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரோடு தூக்கினால் இடுப்பு போய்விடும்.

இவை இரண்டும் கிளாஸ் ஏபி வகை. அந்த வகையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த தண்ணீர்க் குழாய் மாதிரி வேலை செய்கிறது. ஸ்பீக்கருக்குப் போகாத மின்சாரம் அதிலேயே சூடாகி வீணாகிறது. கணக்குப்படி முழுச் சத்தத்தில்கூட 78 சதவீதத்தைத் தாண்ட முடியாது. பேச்சு ஏறி இறங்கும் சாதாரண நிலையில் அதில் பாதி வந்தாலே அதிகம். வீட்டில் மின்வாரிய லைனில் ஓடினால் இது பெரிய விஷயமில்லை. பேட்டரியில் ஓடினால் சூடாகும் ஒவ்வொரு வாட்டும் கூட்டத்தின் நேரத்தைத் தின்கிறது.

கிளாஸ் டி-யில் ‘டி’ என்பது டிஜிட்டல் இல்லை. ஏ, பி, சி-க்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரணியில் ஓர் உதாரணம் கையிலேயே இருந்தது: தறிமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை மேலே, இல்லையென்றால் கீழே. பாதி மேலே என்று ஒன்று கிடையாது. ஆனாலும் சேலையில் மயிலின் கழுத்து வளைந்து வருகிறது. கிளாஸ் டி-யிலும் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறக்கிறது அல்லது முழுக்க மூடுகிறது. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை. குரல் உயரும்போது திறந்திருக்கும் நேரம் கூடுகிறது, இறங்கும்போது குறைகிறது. கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் அந்த வெட்டுகளை மென்மையாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. பாதி திறந்த நிலை இல்லாததால் சூடு மிகக் குறைவு. நன்றாக ஓட்டினால் எடுத்த மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகிறது.

டிரான்சிஸ்டர்களை வாங்கி முழுவதையும் நாமே கட்டலாமே என்று ஒரு தம்பி கேட்டான். ஏபி வகையில் அது நடக்கும். இந்த வேகத்தில் திறந்து மூடும் சர்க்கியூட்டை ஓட்டை போட்ட பொதுவான போர்டில் ஒயர் இழுத்துக் கட்டினால், ஒயரே ஏரியலாகி இரைச்சலைப் பரப்பும். அதனால் ஐசி ஏற்கெனவே பதித்த சின்ன போர்டை வாங்கி, பெட்டி, பேட்டரி, மைக் போர்டு, ஒயரிங் எல்லாவற்றையும் நாமே செய்வது என்று முடிவானது. ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் குவிந்து கிடப்பவை மூன்று. பிஏஎம் 8403 ஐந்து வோல்ட்டில் ஓடும், சேனலுக்கு மூன்று வாட்; வகுப்பறைக்குச் சரி, தெருவுக்குப் போதாது. டிபிஏ 3116, டிபிஏ 3118 இரண்டும் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் செய்பவை, ஏறக்குறைய ஒரே ஐசி. 3116-க்குச் சூடு வெளியேறும் தகடு மேல்பக்கம், அதன்மேல் அலுமினிய ஹீட்சிங்க் வேண்டும். 3118-க்குத் தகடு அடிப்பக்கம், போர்டின் செம்பே போதும். ஹீட்சிங்க் இல்லையென்றால் பெட்டி சின்னது, கழன்று விழ ஒன்று குறைவு. நாங்கள் எடுத்தது 3118, ஒற்றை சேனல் போர்டு. பேச்சுக்கு ஸ்டீரியோ எதற்கு?

விளம்பரத்தில் ‘60 வாட்’ என்றிருக்கும். நம்ப வேண்டாம், கணக்குப் போடுங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால், கரகரப்பில்லாமல் கிடைக்கும் அதிகபட்ச வாட் கிட்டத்தட்ட வந்துவிடும். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 9 வாட். இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகக் கட்டினால் 4 ஓம், அப்போது 18 வாட். எங்களிடம் இருப்பது இதுதான். பதினெட்டு வாட் போதுமா என்று சிரித்தவர்கள் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் டிபி எண்ணைப் பாருங்கள். 3 டிபி அதிகமுள்ள ஸ்பீக்கருக்குப் பாதி வாட்டே போதும். காசை அங்கே போடுங்கள், போர்டில் வேண்டாம்.

இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்கலாமா? ஆக்கலாம், வாட் நான்கு மடங்காகும். ஆனால் இந்த ஐசி-க்கு எல்லை 26 வோல்ட். சார்ஜரில் இருக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 28-ஐத் தொடும். யாராவது சார்ஜரைக் கழற்றாமல் சுவிட்சைப் போட்டால் போர்டு போய்விடும். கூட்டம் நடக்கும் இடத்தில் யாராவது ஒருவர் அதைச் செய்வார். அதனால் ஒரே பேட்டரியோடு நிறுத்தினோம். மையத்துக்குள் ஓட்டும்போது பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் மிக அருமையாக வேலை செய்கிறது.

பேட்டரி யுபிஎஸ்-களில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி; அதாவது 84 வாட்-மணி. பேச்சுக்குச் சராசரியாக ஐந்து வாட் இழுத்தாலும், பேட்டரியில் பாதியை மட்டுமே கணக்கில் எடுத்தாலும், எட்டு மணி நேரம் வரும். எட்டு மணி நேரம் பேசக்கூடிய தலைவர்கள் நம்மிடம் உண்டு, இருந்தாலும் பரவாயில்லை.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. இந்த போர்டில் ஸ்பீக்கரின் மைனஸ், பேட்டரியின் மைனஸ் அல்ல. பழைய செட் பழக்கத்தில் இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள், ஐசி தாங்காது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். மைக்கை நேராக இந்த போர்டில் சொருகினால் முணுமுணுப்புதான் கேட்கும். மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. நடுவில் 4558 ஐசி போட்ட மைக் பிரீ-ஆம்ப் போர்டு வேண்டும். ஸ்பீக்கர் பேசுபவருக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் ஊளைதான்.

முதல் நாள் ஓட்டியபோது தாத்தா அரை மணி நேரம் கேட்டுவிட்டு, மூடியைத் திறக்கச் சொன்னார்.

“இன்னாபா இது, சூடே ஆவல? வேல செய்யுதா இல்லியா?”

“பாட்டு கேக்குதில்ல தாத்தா, கை வெச்சிப் பாருங்க” என்றாள் சால்டரிங் செய்த பத்தாம் வகுப்புப் பெண். அவர் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் மல்டிமீட்டரை மையத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கூம்பு வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கூம்பு ஸ்பீக்கர் குறைந்த வாட்டில் நெடுந்தூரம் போகும். பேட்டரிக்காரர்களுக்கு அதுதான் லாபம். ஆனால் காவல் நிலைய அனுமதிக் கடிதத்தில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்ற வரி வழக்கமாக இருக்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் பொதுவாகத் தடை. ஆடி மாதம் விடிகாலை நாலரைக்குக் கூம்பு எங்கெல்லாம் பாடுகிறது என்று ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் காட்டி நாமும் கட்டினால், அங்கே தூங்கும் விதி இங்கே எழுந்து வரும். எனவே பெட்டி ஸ்பீக்கர், பத்து மணிக்குள் முடிப்பது, அனுமதி மனுவுக்குத் தேதி முத்திரையோடு ரசீது வாங்குவது. இந்த மூன்றையும் செட்டின் பாகங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். ரசீதின் நகலைப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

இதே போர்டில் இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். போர்டு, பிரீ-ஆம்ப், காயில், பெட்டி எல்லாம் சேர்த்தும் ஒரு நாள் மைக் செட் வாடகையைவிடக் குறைவாகவே ஆனது. ஸ்பீக்கரும் பேட்டரியும் மைக்கும்தான் செலவு. அதைத் தெருவில் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று பிரித்தோம். மாதிரி பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மாலை வாருங்கள். ஒயரிங் படத்தை அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறாள், நகல் எடுத்துக்கொள்ளலாம்.