பூட்டானில் கற்றுக்கொண்ட 'மெஷு மெஷு'!

ஜர்னலிசம் டிப்ளமோ படித்தபோது வகுப்போடு பூட்டானுக்கு டூர் போனோம். ரயிலில் நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து பஸ்ஸில் எல்லை ஊரான ஜெய்கான். விசா தேவையில்லை. வாக்காளர் அட்டையைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு மலையேறினோம்.

தலைநகர் திம்புவில் டிராஃபிக் சிக்னலே கிடையாது. வெள்ளைக் கையுறை அணிந்த போலீஸ்காரர் கைகாட்ட, ஹாரன் அடிக்காமல் வண்டிகள் நகர்கின்றன. கடைக்குள் நுழைந்தால், எதுவும் வாங்காவிட்டாலும் 'குசுசாங்போ லா' என்று சிரித்தபடி வணக்கம் சொல்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் மணிப்பூர் பையன் ஒருவன் இருந்தான். கடைக்காரர்கள் அவனைத் தங்கள் ஊர்க்காரன் என்று நினைத்து ஜோங்கா மொழியில் பேச, அவன் வெட்கத்தோடு சிரிப்பான். சென்னையில் நாங்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'சைனா'. அவனும் சிரிக்கிறானே, ஜாலியாகத்தான் எடுத்துக்கொள்கிறான் என்று நினைத்திருந்தேன்.

பாரோவில் 3,120 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது 'புலிக்கூடு' மடாலயம். ஏறி இறங்கியதில் கால்கள் கெஞ்சின. கைடு எங்களைத் தனக்குத் தெரிந்த ஒரு விவசாயி வீட்டுக்கு அழைத்துப்போனார். அந்த வீட்டம்மா விறகு அடுப்பின் பக்கத்தில் உட்காரவைத்து, சிவப்பரிசிச் சோறும் எமா தட்ஷியும் பரிமாறினார். எமா என்றால் மிளகாய். தட்ஷி என்றால் சீஸ். அங்கே மிளகாய்தான் காய்கறியே!

கண்ணில் தண்ணீர் வர, "போதும்" என்று தட்டை மறைத்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தார். "இங்கே விருந்தாளி வாயைப் பொத்தி 'மெஷு மெஷு' என்று ஒன்றிரண்டு முறை மறுப்பது மரியாதை. மறுபடி வைப்பது வீட்டுக்காரர் மரியாதை" என்று விளக்கினார் கைடு.

மணிப்பூர் நண்பன் மட்டும் ரசித்துச் சாப்பிட்டான். "உங்க அம்மா என்ன சமைப்பாங்க?" என்று கைடு மூலமாகக் கேட்டார் வீட்டம்மா. மிளகாயும் புளிக்கவைத்த மீனும் சேர்த்து மசிக்கும் ஈரோம்பா பற்றி அவன் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

சுருக்கென்றது. ஒரு வருடம் பக்கத்து பெஞ்சில் இருந்தவன். 'உங்க அம்மா என்ன சமைப்பாங்க' என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அரைமணி நேரத்தில் கேட்டுவிட்டார்.

இரவு பஸ்ஸில் அவனிடம் "ஸாரிடா" என்றேன். "எதுக்கு?" என்றான். 'சைனா' என்றதற்கு என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "முதல் நாளே சொல்லியிருக்கணும் நான்" என்றான். அவன் பெயரைச் சரியாக உச்சரிக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நாலு தோசை முடிந்ததும் "இன்னொண்ணு வைக்கட்டுமாப்பா?" என்று கேட்டார் அம்மா. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு "மெஷு மெஷு" என்றான்.

அம்மாவுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் இரண்டு தோசை வைத்தார்.