மகாபலிபுரம்னு கேட்டாலும் டிக்கெட் கிழிக்கணும்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தத் தடவை புடுங்கின ஆணிக்கும் எங்க ஊருக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்கறதால எழுதியே ஆகணும்னு தோணிச்சு. ஜாவா தெரியாதவங்க பயந்து ஓட வேண்டாம், பாதி ஊர்க்கதைதான் :)

சொந்த ஊர் செங்கல்பட்டு. வெள்ளைக்காரன் வாயில நுழைஞ்சப்போ அது 'சிங்கிள்புட்'. 1997-ல செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தை காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டாப் பிரிச்சாங்க, நாங்க காஞ்சிபுரம் மாவட்டம் ஆனோம். 2019 நவம்பர்ல மறுபடி பிரிச்சாங்க, திரும்பவும் செங்கல்பட்டு மாவட்டம். வீடு ஒரு அடி கூட நகரல. ஆனா 'காஞ்சிபுரம் மாவட்டம்'னு எழுதி வர்ற கல்யாணப் பத்திரிகை இன்னிக்கும் கரெக்டா வந்து சேருது. தபால்காரருக்கு 603001-ங்கற பின்கோடும் தெருப் பேரும் போதும்.

இங்கேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா கடற்கரைக்குப் போற பஸ்ஸும் அப்படித்தான். போர்டுல மாமல்லபுரம்னு இருக்கும். ஏறுறவங்க மகாபலிபுரம்பாங்க, மாபலிபுரம்பாங்க. 'அப்படி ஒரு ஊரே இல்ல'ன்னு எந்த கண்டக்டரும் யாரையும் இறக்கி விட்டதில்ல. ஜாவா சர்வர் இறக்கி விட்டுரும். அதுக்குப் பேர்தான் 404.

சர்வ்லெட்டுக்கு ஒரு முகவரி வந்தா, நாலு படியாத் தேடும். முதல்ல அச்சு அசலா அதே பாதை இருக்கான்னு பாக்கும். இல்லேன்னா ஸ்லாஷ் ஸ்டார்ல முடியற பாதைகள்ல, எது ரொம்ப நீளமாப் பொருந்துதோ அது. அதுவும் இல்லேன்னா கடைசி வால், அதாவது *.டூ, *.ஜேஎஸ்பி மாதிரி. எதுவுமே ஒத்து வரலேன்னா '/'னு குறிச்சு வச்ச டீஃபால்ட். புதுசா வர்ற பசங்க '/'க்கும் '/*'க்கும் ஒரு புள்ளிதானே வித்தியாசம்னு நினைப்பாங்க. '/*' ரெண்டாவது படியிலயே எல்லாத்தையும் அள்ளிக்கும். நம்ம ஜேஎஸ்பி பக்கத்துக்கு அனுப்பறதையும் அதுவே வாங்கிக்கும், பக்கம் வரவே வராது. '/' கடைசி வரிசையில பொறுமையா நிக்கும். ஸ்பிரிங் ஆளுங்க '/' போடச் சொல்றது அதனாலதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மாமல்லபுரம் பக்கம் ஒரு சின்ன லாட்ஜுக்கு நாங்க பண்ணிக் கொடுத்த அப்ளிகேஷனை ஸ்பிரிங் பூட் 2-லேர்ந்து 3-க்கு மாத்தினோம். ரெண்டு நாள் கழிச்சு லாட்ஜ்காரர் போன்.

"தம்பி, ரூம்ல வச்சிருக்கற கார்டை ஸ்கேன் பண்ணா பக்கம் இல்லேன்னு வருதாம். வந்தவங்கல்லாம் ரிசப்ஷன்ல வந்து கேக்கறாங்க."

"கார்டு எப்ப அடிச்சதுண்ணே?"

"அது ஆச்சு ரெண்டு வருஷம். ஊருக்குப் போனவங்க கையிலயும் நிறைய இருக்கே!"

கார்டுல இருந்த முகவரி கடைசியில ஒரு ஸ்லாஷோட முடிஞ்சது. முன்னாடி ஸ்பிரிங், ஸ்லாஷ் இருந்தாலும் இல்லேன்னாலும் ஒண்ணாவே எடுத்துக்கும். 2022-ல வந்த ஸ்பிரிங் 6-லேர்ந்து அந்தத் தாராளத்தை நிறுத்திட்டாங்க. ரெண்டும் இப்ப வேற வேற முகவரி. அவங்க பக்கம் நியாயம் இருக்கு: பாதுகாப்பு விதியை ஒரு முகவரிக்குப் போட்டுட்டு, ஸ்லாஷ் சேர்த்தா வேற வழியா உள்ள போகலாம்னா வம்புதானே.

டீம்ல ஒருத்தர், "புது கார்டு அடிச்சுக்கச் சொல்லிடுங்க"ன்னார். எனக்கு அது ஒத்துக்கவே இல்ல. ரூம்ல இருக்கற கார்டை மாத்திடலாம். பம்பாய்க்காரர் பர்ஸுக்குள்ள இருக்கறதை யார் போய் மாத்தறது? அடுத்த டிசம்பர் சீசனுக்கு அவர் அதைத்தான் ஸ்கேன் பண்ணுவார். பக்கம் வரலேன்னா பக்கத்து லாட்ஜ். நமக்கு ஒரு ஸ்லாஷ், அண்ணனுக்கு ஒரு வாடிக்கையாளர்.

2024-ல வந்த ஸ்பிரிங் 6.2-ல இதுக்குன்னே யூஆர்எல் ஹேண்ட்லர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. ஸ்லாஷோட வந்தா, ஸ்லாஷ் இல்லாத முகவரிக்கு நிரந்தரமாத் திருப்பி விடும். 301-க்குப் பதிலா 308 வச்சோம். 301-ல ஃபார்ம் நிரப்பி அனுப்பினதை பிரவுசர் வெறும் பக்கம் கேக்கறதா மாத்திட வாய்ப்பு உண்டு, 308-ல அது நடக்காது. மொத்தம் நாலஞ்சு வரி. அண்ணன் மறுநாளே, "எல்லாம் வருது தம்பி"ன்னார்.

யுனெஸ்கோ 1984-ல நம்ம கடற்கரைச் சிற்பங்களை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்போ 'மகாபலிபுரம்'னுதான் பதிஞ்சாங்க. ஆனா அவங்க தளத்துல அந்தப் பக்கத்தோட முகவரியில ஊர் பேரே கிடையாது, 249-ங்கற எண் மட்டும்தான். நாளைக்கே பட்டியல்ல பேரை மாமல்லபுரம்னு திருத்தினாலும் முகவரி அப்படியே நிக்கும். மாறக்கூடியதை முகவரியில வைக்காதே, வச்சுட்டா பழசுக்கும் ஒரு வழி விடு. எனக்குத் தெரிஞ்ச ரூட்டிங் பாடம் இவ்ளோதான்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு ஸ்லாஷ் கதை இருந்தா வந்து சொல்லுங்க மக்களே. அடுத்த ஆணி காத்திருக்கு, வர்ட்டா!