கிழங்கில் ஏற்றிய விளக்கு

சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, ஹாலோவீன் என்பது என்ன விழா?" என்று வினவினார். "பேய் வேடமிட்டு மிட்டாய் கேட்கும் அமெரிக்க வணிகக் கூத்து" என்று விடையிறுத்துவிட்டுப் பாடத்திற்குத் திரும்பினோம். வகுப்பு சிரித்தது, மாணவர் தலைகுனிந்து அமர்ந்தார். நாட்டார் வழக்காற்றியலைப் பாடமாக நடத்தும் நாம், வேற்று நாட்டாரின் வழக்கைக் கேளாமலே தீர்ப்புக் கூறிவிட்டோம். விடுமுறையில் நூல்களைப் புரட்டியபோதே பிழை விளங்கியது.

அவ்விழாவின் பிறப்பிடம் அமெரிக்கா அன்று. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கேலிக் மொழி பேசிய மக்களுக்கு நவம்பர் முதல் நாளே குளிர்காலத்தின் தொடக்கம். மேய்ச்சல் முடிந்து ஆநிரைகள் வீடு திரும்பும் பருவம் அது. பண்டைக் கெல்டியரின் கணக்கில் நாள் அந்தியில் பிறக்கும். மஃரிபில் நாள் மாறும் பிறைக் கணக்கை அறிந்த நமக்கு இது வியப்பன்று. எனவே அக்டோபர் 31 மாலையே விழா தொடங்கிவிடும். அதன் பழம்பெயர் காதுக்குச் 'சாவின்' என்று ஒலிக்கும். நம் மாணவர்கள் உடனே வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டா. 'கோடையின் முடிவு' என்பதே அதற்கு மரபாகக் கூறப்படும் பொருள். கிறித்தவத் திருச்சபையின் புனிதர் அனைவர் திருநாள் நவம்பர் முதல் நாளில் நிலைபெற்றபின், அதன் முந்தைய மாலைக்கு வழங்கிய ஆங்கிலப் பெயர் சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று.

அன்றிரவு இறந்த உறவினர் இல்லம் திரும்புவர் என நம்பினர். டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றினர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறியவர்கள் இவ்வழக்கங்களை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். அங்குக் கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்தது. உலர்பழ ரொட்டியினுள் மோதிரம் ஒன்றைப் பொதிந்து சுடுவர். யார் துண்டில் அது வருகிறதோ அவருக்கு விரைவில் திருமணம். காதலர் இருவர் பெயரால் இரு கொட்டைகளை அடுப்பிலிட்டு, சேர்ந்து எரிகின்றனவா, வெடித்து விலகுகின்றனவா என்று பார்ப்பதும் உண்டு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இவற்றைப் பாடியதோடு அமையாது, 1786இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கக் குறிப்புகளும் சேர்த்தார். கவிஞரே உரையாசிரியராகவும் அமைந்தது நம் போன்றோர்க்குப் பெருவசதி.

நம்மை நாணச் செய்த செய்தி வேறு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகள் தம் ஊர் முதியோரிடம் கேட்டு, இத்தகைய வழக்கங்களைக் குறிப்பேடுகளில் எழுதினர். அத்தொகுப்பு இன்று ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். சிறுவர்கள் கேட்டனர், ஆசிரியர்கள் சிரிக்காமல் எழுதச் சொன்னார்கள்.

கல்லூரி திறந்த முதல் நாளே, அதே வகுப்பில், நம் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். வினவிய மாணவர் அன்று வந்திருக்கவில்லை. மறுநாள் அவரை ஆசிரியர் அறைக்கு அழைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மீண்டும் சொன்னோம்.