ஒழுங்கையில் நிற்கும் வான்

காங்கேசன்துறைப் பக்கத்துக் காணி உறுதிகளில் ஒரு வரி தவறாமல் வரும். இத்தனை பரப்பு, கிழக்கே இன்னார் காணி, மேற்கே ஒழுங்கை என்று எல்லை சொல்லி முடிந்த பிறகு, கிணற்றில் பங்கு, வழி வாய்க்காலில் உரிமை என்று அந்த வரி ஓடும். உறுதி எழுதிய நொத்தாரிசுக்கும் எழுதுவித்தவருக்கும் அன்று தெரிந்த வாகனம் மாட்டு வண்டில். வண்டில் ஒழுங்கைக்குள் வரும், கிடுகோ விறகோ இறக்கும், போய்விடும். இரவிரவாக அங்கேயே நிற்காது. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வேண்டும், வைக்கோல் போட வேண்டும். அதற்கென்று வளவுக்குள் கொட்டில் இருந்தது. ஹயஸ் வானுக்கு இந்தப் பசி தாகம் ஒன்றும் இல்லை. மதிலோரம் விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஒழுங்கையில் இப்போதைக்கு நடக்கும் சண்டை முழுக்க அப்படி நிற்கும் ஒரு வானைப் பற்றியது. பத்தடி அகல ஒழுங்கையில் அது ஐந்தரை அடியை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஓட்டோ உரசிக்கொண்டு போகும். லான்ட்மாஸ்டர் வந்தால் பெட்டி மதிலில் கீறும். தண்ணீர் பவுசர் சந்தியோடு நின்றுவிடும். "தம்பி, வானைக் கொஞ்சம் மதிலோடை அணைச்சு விடுங்கோவன்" என்று மரியாதையாகத் தொடங்கியது, ஒரு கிழமைக்குள் "உதென்ன, கொப்பற்றை றோட்டோ?" என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு போக இடங்கள் உண்டு. முதலில் கிராம சேவையாளர். அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு இணக்க சபைக்குப் போகச் சொல்வார். 1988 இல் சட்டமாகி ஊருக்கு ஊர் வந்த அந்தச் சபைகளில், ஓய்வுபெற்ற அதிபர்மாரும் ஊர்ப் பெரியவர்களும் இருந்து, வேலிக் கதியால் முதல் கோழி வரைக்கும் பேசித் தீர்க்கிறார்கள். அங்கேயும் சரிவராவிட்டால் பொலிஸ். பொலிஸுக்குச் சமாதானக் குலைவு என்று பட்டால், 1979ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு. சட்டம் படிக்காதவருக்கும் எங்கள் ஊரில் இந்த இலக்கம் பாடம். "அறுபத்தாறு போடுவன்" என்றால் எதிராளிக்கு விளக்கம் தேவைப்படாது.

1990 ஜூனில் போர் வந்து இந்த ஊர் முழுவதும் எழும்பிப் போனது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வலிகாமம் வடக்கின் காணிகள் துண்டு துண்டாக விடுபட்டபோது, பலருக்கு ஒழுங்கை எது, வளவு எது என்றே பிடிபடவில்லை. வேலி இல்லை, மதில் இல்லை, வீடு இருந்த இடத்தில் பற்றை. நில அளவையாளர் படத்தை விரித்துக்கொண்டு நிற்க, வயதான ஒரு ஆச்சி வந்து தூர்ந்துபோன கிணற்றைக் காட்டி, அதிலிருந்து கால் வைத்து எண்ணி, "இதுதான் எங்கடை படலை" என்று சொன்ன கதை இங்கே ஒவ்வொரு குறிச்சியிலும் உண்டு. அப்படிக் கண்டுபிடித்த ஒழுங்கையில்தான் இப்போது வான் நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்தச் சண்டையைக் கேட்கும்போது எனக்குப் பெரிதாகக் கோபம் வருவதில்லை.

வாகனம் விடுவதில் எங்கள் ஆட்கள் ஒழுங்கு தெரியாதவர்களும் இல்லை. ஆடி அமாவாசைக்கு மாவிட்டபுரத்து முருகன் தீர்த்தமாடக் கீரிமலைக்கு வரும் நாளில், சனத்தோடு வாகனமும் வந்து குவியும். வீதியோரத்து வீட்டுக்காரர் படலையைத் திறந்துவிடுவார். இலக்கம் எழுதிய மட்டைத் துண்டின் ஒரு பாதி ஹான்டிலில், மறுபாதி கையில். காசைக் கொடுத்துவிட்டுப் போனால், வரும்வரை சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்த வீட்டுப் பொடியன் பொறுப்பு. யாரும் சட்டம் போட்டுச் செய்ததில்லை. 2015 ஜனவரியில் ரயில் திரும்பவும் காங்கேசன்துறை வரைக்கும் ஓடத் தொடங்கிய பிறகும், 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்துக் கப்பல் வந்த பிறகும், ஆட்களை ஏற்றி இறக்க வரும் வாகனங்கள் கூடித்தான் போயின. அதையும் இந்த மட்டைத் துண்டு முறையில் சமாளித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

வான் நிற்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாங்கள், வானுக்குக் கீழே நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு இருக்கிற குறை அதுதான்.

ஒழுங்கையின் மறுகோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். பலகை தொங்கவிட்ட கராஜ் இல்லை. வீட்டு முற்றம், ஒரு வேப்பமரம், மரக்கொப்பில் செயின் புளொக். அவர் தொழில் பழகியது இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், பொருளாதாரத் தடைக்குள். பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவது, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, இடையில் நின்றுவிட்டால் திரும்பவும் போத்தலை எடுப்பது. உதிரிப் பாகம் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஒரு காரைக் கழற்றி இன்னொரு காருக்குப் பூட்டினார்கள். ரப்பர் வாசரைப் பழைய ரியூப்பில் வெட்டினார்கள். அப்படிப் பழகிய கைக்கு, வாகனம் திருத்தக் கூடாத இடம் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்று சொன்னால் ஏறாது.

பிறகும் காலம் அவர் பக்கம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் திரும்ப வர 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடமும் இருந்ததைத் திருத்தித் திருத்தித்தான் நாடு ஓடியது. 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்து, ஓடாமல் விட்டுவிட்ட வாகனங்களில் சிலதும் வரிப்பத்திரம் முடிந்த நிலையில் அவருடைய வேப்பமரத்தடிக்கே வந்து சேர்ந்தன. முற்றம் நிறைந்தால் ஒழுங்கைக்குள்ளும் ஒன்று.

ஒருநாள் பின்னேரம் அந்த ஹயஸ் வானுக்கு அவர் ஒயில் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாக்கைப் போட்டுக் கீழே படுத்து, சம்பின் நட்டைக் கழற்றினார். கறுத்த ஒயில் முதலில் தடித்த கயிறாக விழுந்து, மெலிந்து, கடைசியில் சொட்டியது. அப்படியான எஞ்சினுக்குள் ஐந்தாறு லீற்றர் இருக்கும். பாதிக்கு மேல் வெட்டிய கானுக்குள் விழுந்தது. மீதி செம்மண்ணில். கானில் விழுந்ததிலும் கொஞ்சத்தைக் கறையானுக்கென்று கொட்டில் கப்புகளுக்குப் பூசினார். மிஞ்சியதை வேலிக்கரையில் ஊற்றினார். மண் அதை உடனே குடித்துவிட்டது. ஒரு கறை மட்டும் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் காலால் மண் தள்ளினார். முற்றம் துப்புரவு.

அந்த மண் எத்தனை ஆழம் என்று இந்த ஊரில் கிணறு வெட்டியவர்களைக் கேட்க வேண்டும். சில அடி செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். 1950 இல் உற்பத்தி தொடங்கி 1990 வரை ஓடிய சீமெந்துத் தொழிற்சாலை அந்தக் கல்லை நம்பித்தான் இங்கே வந்தது. கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மழைநீர் அதற்குள்ளால் இறங்கி, கடல்நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. வருடம் முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தண்ணீர்தான் எங்கள் ஆறு. கீரிமலைக் கேணியில், கடலுக்கு ஒரு எட்டுத் தள்ளி நன்னீர் ஊறுவதைப் பார்த்து அதிசயப்படுகிறோம். எங்கள் வளவுகளுக்குக் கீழே ஓடிய தண்ணீர்தானே அங்கே வெளியே வருகிறது.

சுன்னாகத்தில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்தது. வாளியில் அள்ளினால் மேலே வானவில். 2015 தொடக்கத்தில் சனம் வீதிக்கு இறங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அது பெரிய எந்திரம், பெரிய கம்பனி. கை நீட்டிக் காட்ட ஆள் இருந்தது. வேப்பமரத்தடிகளில் இருந்து இறங்குகிற ஒயிலுக்கு அப்படி ஆள் இல்லை. நாங்கள் எல்லாரும் அவரிடம் வாகனம் விடுகிறவர்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், வாகனம் திருத்தும் கராஜுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பலகை இல்லாத முற்றத்தை யாரும் கராஜ் என்று கணக்கெடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் இருக்கும் ரவுன்ஹவுஸ் தொகுதியில், தன் வீட்டு வாசலில் தன் காருக்கே ஒயில் மாற்றக் கூடாது. இலக்கத்தகடு இல்லாத வாகனத்தை நிறுத்தி வைத்தால் கடிதம் வரும். வீதியிலும் அறிவித்தல் இல்லாத இடத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விட்டால் ரொறன்ரோ மாநகரசபை ரிக்கற் எழுதும். "இங்கை மனிசர் நிம்மதியா ஒரு நட்டுக் கழட்டேலாது" என்றார். அந்த விதிகளை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேப்பமரத்தடி மூடினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எங்களுடைய பழைய வாகனங்களும் ஓடாது. ஆனால் வாசலில் ஒரு வாகனம் அழகில்லாமல் நிற்பதையும், கிணற்றுக்குள் ஒயில் இறங்குவதையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. முதலாவதை நான் பொறுத்துக்கொள்வேன்.

மெக்கானிக்கிடம் இதைச் சொல்லப் போனபோது அவர் கோபப்படவில்லை. மனுசன் ஏற்கெனவே யோசித்திருக்கிறார்.

"மாஸ்ரர், ஒரு சொட்டும் விடாமல் நான் கானிலை பிடிச்சு வைப்பன். ஆர் வந்து எடுக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. பழைய இரும்பு வாங்க லொறி வருகிறது, போத்தல் பேப்பருக்குச் சைக்கிளில் ஆள் வருகிறார். ஒயிலுக்கு எங்கள் ஒழுங்கைக்கு யாரும் வந்து நான் காணவில்லை. பிரதேச சபை குப்பை எடுக்க உழவு இயந்திரம் அனுப்புகிற நாளில், பெட்டியின் பின்னால் ஒரு பரலையும் கட்டிவிட்டால் போதும், அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. எழுதிக் கொடுக்கலாம் என்று தீர்மானித்து, ஒழுங்கையில் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். வான்காரர் போட்டுவிட்டார். அவருக்கு எதிர்வீட்டுக்காரர், வான்காரரின் பெயருக்குக் கீழே தான் போடமாட்டேன், வேறு தாள் கொண்டு வாருங்கோ என்கிறார்.