நின்று உறுமினால் சூடேறாது

எட்மன்டன், கனடா

அன்புள்ள கொடைக்கானல் மேல்மலை உறவுகளுக்கு,

கவுஞ்சி, மன்னவனூர், பூண்டி, கிளாவரை ஊர்களில் மார்கழி, தை விடியலில் வெண்பனி படர்ந்து கிடக்கும். கேரட்டும் உருளையும் பூண்டும் ஏற்றிய பழைய டீசல் பிக்கப்புகள் அந்த நேரத்தில்தான் கொடைக்கானல் வழியாகச் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்க வேண்டும். செல்ஃப் அடித்து எஞ்சின் பிடித்ததும், ‘சூடாகட்டும்’ என்று கால் மணி, அரை மணி நேரம் ஸ்லோவில் விட்டுவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வண்டியின் மேலுள்ள அக்கறையில் பிறந்த பழக்கம் அது. ஆனாலும் அது எஞ்சினைத் தேய்க்கிறது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது எழும் வெப்பம்தான் டீசலைப் பற்றவைக்கிறது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கும் எஞ்சினில், உள்ளே போகும் காற்று 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால், நெருக்கத்தின் உச்சியில் வெப்பம் ஏறத்தாழ 70 டிகிரி குறையும் என்று கணக்கிடலாம். குளிர்ந்த சிலிண்டர் சுவர் அதிலும் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். உயரமும் இதோடு சேர்கிறது. சுமார் 1,900 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே பீய்ச்சிய டீசல் தாமதமாகப் பற்றுகிறது. கொஞ்சம் பற்றாமலே வெளியேறுகிறது. ஈர விறகு புகைவதுபோல் சைலன்சரில் வரும் கண்ணெரிக்கும் வெள்ளைப் புகை அதுதான். ஒரு சிலிண்டர் தவறினால் வேகம் தளர்கிறது. வேகத்தைச் சீராக்கும் கவர்னர் டீசலைக் கூட்டுகிறது. வேகம் ஏறியதும் குறைக்கிறது. குளிரில் எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடுவது இதனால்தான்.

இந்த நிலையில் ஸ்லோவிலேயே விட்டுவைத்தால் சூடு எங்கிருந்து வரும்? பெட்ரோல் எஞ்சினில் காற்றின் அளவைக் குறைக்கும் அடைப்பு உண்டு. பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் அது இல்லை. ஸ்லோவில் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் நிறையக் குளிர்காற்று வந்து போகிறது. அதன் எடை, எரியும் டீசலைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். எரிவது கொஞ்சம், குளிர்விப்பது நிறைய. அதனால்தான் அரை மணி கழித்தும் வெப்பமானியின் முள் அசைவதில்லை. இதற்குள் பற்றாத டீசல் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவுகிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. டீசலைப் பீய்ச்சும் நாசில் முனையில் கரி படிகிறது. ரிங்கும் லைனரும் முன்கூட்டியே தேய்ந்தால் செலவு மொத்தமும் விவசாயியின் தலையில்தான் விழும்.

இங்கே எட்மன்டனில் ஜனவரிக் குளிர் மைனஸ் 20-க்கும் கீழே போவது சகஜம். இந்தக் குளிருக்கு எஞ்சின் செய்தவர்கள் காட்டிய வழியைப் பாருங்கள். 1994 முதல் 2003 வரை ஃபோர்டு பிக்கப்புகளில் வந்த 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைப்பாதையில் ஒரு வால்வு உண்டு. குளிரில் ஸ்லோவில் ஓடும்போது அது மூடிக்கொண்டு புகையை மறிக்கும். அந்தத் தடையை எதிர்த்து எஞ்சின் கூடுதலாக உழைத்துச் சூடேறும். 1998-க்குப் பின் டாட்ஜ் பிக்கப்புகளில் வந்த 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சின், கடுங்குளிரில் ஆறில் மூன்று சிலிண்டருக்கு டீசலை நிறுத்தி, மற்ற மூன்றின் மேல் சுமையைக் கூட்டும். இரண்டு ஏற்பாட்டுக்கும் அடிப்படை ஒன்றே: டீசல் எஞ்சினைச் சூடேற்றுவது அதன் உழைப்பு.

‘கெட்டியான ஆயிலோடு உடனே கிளப்பினால் பேரிங் போகாதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறவும், பிரேக் பூஸ்டரில் வேக்கம் சேரவும் ஓரிரு நிமிடம் தேவை. அதைக் கட்டாயம் கொடுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் நேரத்தில் பயனில்லை. ‘முழு லோடு, கிளம்பியதுமே ஏற்றம்’ என்பது அடுத்த மறுப்பு. அதற்குத் தாழ்ந்த கியர் இருக்கிறது. எஞ்சினைத் திணறவிடாமலும் ரேஸ் பண்ணாமலும் முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால், அந்த மிதமான சுமையே வேண்டிய சூட்டைத் தந்துவிடும்.

‘ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடுகிறதே’ என்பவர்கள் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி நிரந்தரமாக வேகத்தை ஏற்றிவைக்கிறார்கள். இது ஆபத்து. வத்தலக்குண்டு மலைப்பாதையில் முதல் கியரில் மெல்ல இறங்கும்போது, பிடித்து நிறுத்த வேண்டிய எஞ்சினே வண்டியைத் தள்ளும். ஹேண்ட் த்ராட்டில் இருந்தால், காலையில் மட்டும் அதைக் கொஞ்சம் இழுத்துவைத்து, பிறகு தளர்த்துங்கள். அப்படியும் நின்றால் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அதையும், எல்லா வண்டியிலும் பேட்டரி, நாசில், கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். டீசலையும் கவனியுங்கள். இந்தியத் தர அளவின்படி டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலையின் உச்சவரம்பு நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6 டிகிரி. மற்ற மாதங்களில் 18 டிகிரி. ஐப்பசிக்கு முன் கேனில் பிடித்துவைத்த டீசலை மார்கழியில் ஊற்றினால் மெழுகு திரண்டு ஃபில்டர் அடைபடலாம்.

ஓட்டுநர்களே, ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு; பிறகு மெல்ல நகருங்கள். விடியலில் அசையாத காற்றில் அரை மணி நேரம் தேங்கும் புகையைச் சுவாசிப்பது தெருவோர வீடுகளின் குழந்தைகளும் முதியவர்களும்தான். எஞ்சினுக்கும் நன்மை தராத அந்தப் புகையை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

அன்புடன்,
உங்கள் மடலாளர்